அரை வினாடியில் அம்பலமான கம்ப்யூட்டர் சதி!

ஓ.எம்.ஆர். என்ஜினீயர்களுக்கு அதில் ஒரு பாடம்

சென்னை:-

வெறும் அரை வினாடி. கண்ணைச் சிமிட்டித் திறக்கும் நேரம்தான்.

அந்த அரை வினாடி ஏன் தாமதம் ஆகிறது என்று ஒருவர் சந்தேகப்பட்டார். அதனால் உலகம் பூராவும் உள்ள கம்ப்யூட்டர்களுக்குக் கள்ளச்சாவி தயாரித்த ஒரு ஆசாமியின் வேலை அம்பலம் ஆனது.

நடந்தது 2024-ம் ஆண்டு மார்ச் மாதம். நடந்த இடம் சென்னை இல்லை. ஆனால் அந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாத ஊர் ஒன்று உண்டு என்றால் அது சென்னைதான்.

மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கிலோ மீட்டர். ராஜீவ்காந்தி சாலை என்று பெயர் மாற்றிய பிறகும் ஜனங்கள் "ஓ.எம்.ஆர்." என்றே சொல்லும் பழைய மகாபலிபுரம் ரோடு. 2000-ம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்ததில் இருந்து அந்த ரோடு முழுவதும் இதே தொழில்தான். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது. அதை நம்பி மெஸ் நடத்துகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், வீடு வாடகைக்கு விடுகிறவர் எல்லாரும் பிழைக்கிறார்கள்.

அந்தத் தொழிலின் அடித்தளத்திலேயே கன்னம் வைக்கப் பார்த்த கதை இது.

கள்ளச்சாவி

இதுபற்றிய விவரம் வருமாறு:-

"எக்ஸ்.இசட்." என்று ஒரு சின்ன புரோகிராம். பெரிய பைலை அமுக்கிச் சின்னதாக்குவது அதன் வேலை. "லினக்ஸ்" என்ற இலவச முறையில் ஓடும் கம்ப்யூட்டர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அது இருக்கும். பாங்கி, டெலிபோன் கம்பெனி, ஆஸ்பத்திரி என்று பெரிய இடங்களில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் லினக்ஸ்தான்.

இந்தப் புரோகிராமைப் பல வருஷமாகக் கவனித்து வந்தவர் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த லாசே கோலின். சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்த சேவை.

2021-ல் "ஜியா டான்" என்ற பெயரில் ஒரு ஆசாமி வந்து சேர்ந்தார். "நானும் உதவி செய்கிறேன்" என்றார். நல்ல பிள்ளையாக வேலை பார்த்தார்.

2022-ல் வேறு சிலர் கிளம்பினார்கள். "வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுக்கக் கூடாதா?" என்று கோலினை நச்சரித்தார்கள். இவர்களும் போலி ஆசாமிகள் என்றே இப்போது சந்தேகிக்கப்படுகிறது.

கோலினுக்கு மனதளவில் சோர்வு. இது சம்பளம் இல்லாத வேலை என்பதை அவரே சொல்லிப் பார்த்தார். கடைசியில் பாதிப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது.

2024 பிப்ரவரியில் புதிய பதிப்பு வெளியானது. அதற்குள் ஒரு ரகசியக் கதவு இருந்தது! சோதனைக்காக வைத்திருந்த பைல்களுக்குள் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். கள்ளச்சாவி வைத்திருப்பவன் எங்கோ உட்கார்ந்துகொண்டே அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம்.

மாட்டியது எப்படி?

ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்பவர் மைக்ரோசாப்ட் கம்பெனி என்ஜினீயர். அவர் திருடனைத் தேடிப் போகவில்லை. வேறு ஒரு புரோகிராமின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார்.

கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கமாக 0.3 வினாடி ஆகும். அன்று 0.8 வினாடி ஆனது.

வேறு ஒருவராக இருந்தால் "லைன் ஸ்லோ போலிருக்கு" என்று விட்டிருப்பார். இவர் விடவில்லை. நூல் பிடித்துக்கொண்டே போனார். கடைசியில் எக்ஸ்.இசட். புரோகிராமில் கொண்டு போய் விட்டது. மார்ச் 29-ந்தேதி உலகத்துக்கு அறிவித்தார்.

அதற்குள் அந்தப் பதிப்பு லினக்சின் சில சோதனைப் பதிப்புகளுக்குத்தான் போயிருந்தது. பெரிய இடங்களுக்குப் போகும் முன்பே தடுத்துவிட்டார்கள். ஆபத்துக்குப் போட்ட மார்க்கு 10-க்கு 10!

"ஜியா டான்" யார் என்பது இன்று வரை வெளியுலகத்துக்குத் தெரியாது.

மீனம்பாக்கத்தில் அவதி

"எங்கோ நடந்தது, நமக்கென்ன?" என்று கேட்க முடியாது. அதே வருஷம் ஜூலை 19-ந்தேதி, வெள்ளிக்கிழமை, அடி நம் ஊரிலேயே விழுந்தது.

அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமான கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நீலத் திரைதான் தெரிந்தது. ஊழியர்கள் பேனாவை எடுத்துப் பயணிகளுக்குக் கையாலேயே "போர்டிங் பாஸ்" எழுதிக் கொடுத்தார்கள். விமானங்கள் தாமதம். சில ரத்து. குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

இதில் திருடன் யாரும் கிடையாது. திருடன் வராமல் காவல் காக்கும் கம்பெனியே செய்த தவறு இது. "கிரவுட்ஸ்டிரைக்" என்ற அந்த அமெரிக்கக் கம்பெனி இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சின்னத் திருத்தத்தை உலகம் பூராவும் அனுப்பியது. அந்தத் திருத்தம் 21 தகவல்களை எதிர்பார்த்தது. காவல் புரோகிராம் கொடுத்ததோ 20. இல்லாத 21-வதைத் தேடிப் போன கம்ப்யூட்டர் அப்படியே படுத்துவிட்டது.

காலை 10.57 மணிக்கு, 78 நிமிஷத்தில், திருத்தத்தை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் அதற்குள் விழுந்தவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. விழுந்தவற்றில் பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியதாயிற்று.

ஒரு சம்பவத்தில் ஒருவர் நின்று கவனித்தார், உலகம் தப்பியது. இன்னொன்றில் ஒரு எண்ணிக்கைப் பிசகு எல்லாச் சோதனையையும் தாண்டிப் போனது, ஊர் தவித்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

என்ஜினீயரின் ஒரு நாள்

ஓ.எம்.ஆர். ஆபீசில் ஒரு என்ஜினீயரின் நாள் எப்படிப் போகிறது?

காலையில் முதல் வேலை ஒரு சின்னக் கூட்டம். "நேத்து என்ன முடிச்சே? இன்னிக்கு என்ன? எங்க மாட்டிக்கிட்டு நிக்கறே?" மூன்றே கேள்வி.

பிறகு சீட்டைப் பார்க்க வேண்டும். "இந்தப் பட்டனை அழுத்தினால் பணம் இரண்டு தடவை போகிறது, சரி செய்" என்று எழுதியிருக்கும். இதற்கு "டிக்கெட்" என்று பெயர்.

டி.வி.யில் காட்டுகிற மாதிரி தடதட என்று தட்டித் தள்ளுகிற வேலை இல்லை இது. வேலையை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆன யாரோ எழுதி வைத்த புரோகிராமைப் படித்துப் பார்ப்பதிலேயே பாதி நாள் போய்விடும். "இதை ஏம்பா இப்படி எழுதி வெச்சான்?" என்று தலையைச் சொறிவார்கள். கடைசியில் மாற்றுவது நாலு வரி.

மாற்றிய நாலு வரியை இன்னொரு என்ஜினீயர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதைத்தான் "ரிவ்யூ" என்கிறார்கள். திருட்டும் தவறும் பிடிபட வேண்டிய செக்போஸ்ட் அதுதான்.

அந்த செக்போஸ்டில் நிற்கிறவர் நிலைமை என்ன? அவருக்கும் அவர் டிக்கெட் இருக்கிறது. அவருக்கும் கெடு இருக்கிறது. ராத்திரி அமெரிக்காக்காரனோடு போன் கூட்டம் இருக்கிறது. எத்தனை டிக்கெட் முடித்தாய் என்று கேட்பார்கள். எத்தனை தவறைத் தடுத்தாய் என்று கேட்பவர் குறைவு. சாயங்காலம் கம்பெனி பஸ் புறப்படும் நேரத்தில் 400 வரி வந்து நின்றால், "நல்லா இருக்கு, போகட்டும்" என்று ஒரு கையெழுத்து!

"வெள்ளிக்கிழமை எதையும் மாற்றாதே" என்று இந்தத் தொழிலில் ஒரு சொல் உண்டு. சனி, ஞாயிறில் விழுந்தால் தூக்க ஆள் இருக்காது என்ற பயம்தான்.

எழுத ஆள் உண்டு, படிக்க?

இப்போது "ஏ.ஐ." வந்துவிட்டது. கேட்டால் போதும், அதுவே புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது.

கூகுள் கம்பெனியில் புதிதாக எழுதும் புரோகிராமில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஏ.ஐ. எழுதுகிறது என்று 2024 அக்டோபரில் சுந்தர் பிச்சை சொன்னார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் அவர். கூடவே இன்னொன்றும் சொன்னார். அதை என்ஜினீயர்கள் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் சேர்க்கிறார்களாம்.

ஆக, எழுதும் வேலை குறைகிறது. படித்துப் பார்க்கும் வேலை கூடுகிறது.

அதனால் வேகம் கூடியதா? 2025-ல் "மெட்ர்" என்ற ஆராய்ச்சி அமைப்பு 16 அனுபவசாலிகளை வைத்துச் சோதித்தது. ஏ.ஐ. இருந்ததால் 100-க்கு 20 பங்கு வேகமாக முடித்தோம் என்று அவர்கள் நினைத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 19 பங்கு கூடுதல் நேரம் ஆகியிருந்தது! வந்ததைப் படிக்கவும் திருத்தவும் நேரம் போய்விட்டது. அதன் பிறகு கருவிகள் இன்னும் தேறியிருக்கின்றன. ஆனாலும் "வேகமாகப் போகிறோம்" என்ற நினைப்பை மட்டும் நம்பக் கூடாது என்பது தெரிகிறது.

படித்துப் பார்க்கத் தெரிந்தவர் யார்? பத்துப் பதினைந்து வருஷம் அடிபட்ட ஆட்கள். அவர்கள் பிழைப்பு எப்படி இருக்கிறது? 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 100-க்கு 2 பேரை, அதாவது சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்மட்ட ஊழியர்கள். ஏ.ஐ. இதற்குக் காரணம் இல்லை என்று கம்பெனி சொன்னது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். செக்போஸ்டில் நிற்க வேண்டிய வயதுக்காரர்கள்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

புதுப் பையன்களை எடுப்பதையும் குறைத்தால், பத்து வருஷம் கழித்து படித்துப் பார்க்க யார் இருப்பார்கள்?

சனிக்கிழமை பள்ளிக்கூடம்

இதற்கு ஒரு மருந்து சென்னையிலேயே இருக்கிறது. பீஸ் கிடையாது.

1998-ல் சென்னையில் ஒரு லினக்ஸ் நண்பர்கள் குழு தொடங்கியது. மாதத்தின் 2-வது சனிக்கிழமை கூடுவது வழக்கம். கிண்டி ஐ.ஐ.டி.யில் பல வருஷம் கூடினார்கள். "பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழிக்காரர்களுக்குத் தனிக் குழு. காஞ்சீபுரத்திலும் ஒரு லினக்ஸ் குழு உண்டு. இவற்றையெல்லாம் தமிழிலேயே சொல்லித் தர "கணியம்" என்ற இதழ் 2012-ல் தொடங்கியது.

அங்கே என்ன நடக்கிறது? ஒருவர் எழுந்து, தான் செய்த வேலையைத் திரையில் காட்டுவார். கேட்பவர்களில் கல்லூரிப் பையன் இருப்பான்; 20 வருஷ அனுபவசாலியும் இருப்பார். "இது ஏன் இப்படி?" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மேனேஜர் கிடையாது. கெடு கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பிராய்ண்டுக்கு இருந்த பழக்கம் இதுதான். அரை வினாடி அதிகமானால் "ஏன்?" என்று கேட்பது. அந்தப் பழக்கத்தை ஆபீஸ் சொல்லித் தருவது அபூர்வம். இப்படிப்பட்ட இடத்தில்தான் அது ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இலவச சேவை என்று விட்டுவிட்டால், சேவை செய்கிறவர் களைத்துப் போவார். களைத்தவர் பக்கத்தில்தான் "ஜியா டான்" வந்து உட்காருவான். எக்ஸ்.இசட். கதையே அதுதானே!

இலவச புரோகிராமை வைத்துக் கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கம்பெனிகள், வாரத்தில் சில மணி நேரமாவது தங்கள் ஆட்களை அந்த வேலைக்கு விடலாம். அடுத்தவர் வேலையைப் படித்துப் பார்க்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கில் சேர்க்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். மேனேஜர் மனது வைத்தால் போதும்.

பாங்கிப் பணம், விமான டிக்கெட், ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் இன்று யாரோ எழுதிய அந்த வரிகளில்தான் ஓடுகிறது. அடுத்த தடவை அரை வினாடி தாமதம் ஆகும்போது, அதை நின்று பார்க்க ஒரு ஆளுக்கு நேரம் இருக்க வேண்டும். அவர் ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம்.