காற்றறியா எக்கியும் கரும்புகையும்

திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழில்வளாகத்துக்கும் சுமையேற்றிச் செல்லும் பழைய சரக்குந்துகள், மேடேறும்போது கக்கும் கரும்புகையைக் காணாதார் இலர். "வண்டிக்கு இழுவை மிகுதி, அதனாற்றான் புகைகிறது" எனப் பெருமை பேசுவாரும் உளர். இஃது அறியாமை. கரும்புகை என்பது எரியாமற்போன நெய். விலை கொடுத்து வாங்கிய எரிநெய்யின் ஒரு பகுதி ஆற்றலாகாமல் கரியாகிச் சாலையோர வீடுகளிலும் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரலிலும் சென்று படிகின்றது. இதிற் பெருமைக்கு இடம் எங்கே?

காற்றைத் தரும் உறுப்புக்கும் எரிநெய்யைத் தரும் உறுப்புக்கும் இடையே இருக்கவேண்டிய உடன்பாடு குலைந்தமையே இப்புகைக்குத் தலையாய கரணியம். அவ்வுடன்பாடு இன்னதென்று தெரியாமல் பொறியைத் தொடுவோர் அதனைக் கெடுத்தே தீர்வர்.

மக்கள் ‘டீசல்’ என வழங்கும் பொறி, உருடால்பு தீசல் என்னும் செருமானியப் பொறிஞர் 1892இல் உரிமம் வேண்டிப் பதிந்தது. இதில் தீப்பொறி எழுப்பும் கருவி இல்லை. உருளைக்குள் புகுந்த காற்றை ஆடுதண்டு ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகின்றது. அந்நெருக்கத்தால் காற்றின் வெப்பம் 500 செல்சியசுப் பாகையையும் கடக்கும். அவ்வெங்காற்றில் நெய்யைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஓட்டுநர் காலால் மிதிக்கும் மிதி, காற்றின் அளவை மாற்றுவதில்லை. நெய்யின் அளவையே மாற்றுகின்றது. ஆகலின், ஆற்றல் வேண்டுவோர் நெய்யைக் கூட்டுகின்றனர். ஆயின் நெய் எரியக் காற்று வேண்டுமன்றோ? ஓர் எடை நெய் முற்றும் எரிய ஏறத்தாழப் பதினான்கரை எடை காற்று வேண்டும். கண்ணிமைக்கும் பொழுதிலும் குறைந்த பொழுதில் நெய்த்துளியும் காற்றும் முழுதும் கலத்தல் அரிது. எனவே புகையின்றி எரிய அதனினும் மிகுதியாகவே காற்று தேவைப்படும்.

அம்மிகுதிக் காற்றைத் தருவதே பட்டறையில் ‘டர்போ’ என வழங்கும் சுழற்காற்றேற்றி. 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறிஞர் ஆல்பிரடு பூகி உரிமம் பெற்ற அமைப்பு இது. ஒரே அச்சின் இருமுனைகளில் இரண்டு சிறு விசிறிகள். பொறியினின்று வெளியேறும் வெம்புகை ஒன்றனை மோதிச் சுழற்றும். மற்றொன்று உடன் சுழன்று வெளிக்காற்றை உறிஞ்சி, நெருக்கி, உருளைகளுக்குள் தள்ளும். முழுவிசையில் இயங்கும்போது அவ்வச்சு மணித்துளிக்கு 1,00,000 சுற்றுகளை ஒட்டியும் சுழலவல்லது. வீணே வானிற் போகும் புகையின் ஆற்றலே காற்றை ஏற்றித் தருகின்றது. ஆயின் ஒன்று: புகை மிகுந்தபின்னரே விசிறி விரைவுறும், விசிறி விரைவுற்றபின்னரே காற்று மிகும். மிதியை அழுத்திய நொடியிலேயே காற்று வந்துவிடாது.

எக்கியின் இயல்போ வேறு. இராபர்ட்டு பாசு நிறுவனம் 1927இல் பெருந்தொகையாக ஆக்கத் தொடங்கிய வரிசை எக்கியில், ஒவ்வோர் உருளைக்கும் ஒவ்வொரு சிறு உந்துதண்டு உண்டு. அதன் உடலிற் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ‘ராக்’ எனப்படும் பற்சட்டம் நகர்ந்து அத்தண்டுகளைத் திருப்ப, பள்ளத்தின் சாய்வுக்கேற்ப நெய்யின் அளவு கூடும் அல்லது குறையும். ‘கவர்னர்’ எனப்படும் விரைவாளி அப்பற்சட்டத்தை ஆள்கின்றது. இவ்வமைப்பு நொடியில் நெய்யைக் கூட்டவல்லது. ஆயின் உருளைக்குள் எவ்வளவு காற்று உள்ளதென்பதை அறியும் ஆற்றல் இதற்குத் தானாக இல்லை.

விரைந்து நெய் தரும் எக்கியையும் பின்தங்கிக் காற்றுத் தரும் ஏற்றியையும் இணைப்பது எது? சுழற்காற்றேற்றி பூண்ட பழைய ஊர்திப் பொறிகள் பலவற்றில் விரைவாளியின்மேல் ஒரு சிறு கூடு அமர்ந்திருக்கும். அதனுள்ளே ஒரு மெல்லிய சவ்வும் ஒரு சுருள்வில்லும் உள. உருளைகளுக்குக் காற்றுச் செல்லும் வழியினின்று ஒரு மெல்லிய குழல் அக்கூட்டுக்கு வரும். காற்றழுத்தம் குறைந்திருக்கையில் வில் சவ்வைத் தடுத்து நிறுத்தும்; பற்சட்டம் ஓர் எல்லைக்கு மேல் நகராது. அழுத்தம் ஏற ஏற, சவ்வு வில்லை வென்று அமுங்கும். சட்டத்துக்கு மேலும் வழி விடும். காற்று வந்த அளவுக்கே நெய் செல்லும். விரல்பருமனும் இல்லாத அக்குழலே எக்கிக்குக் கண்.

அக்குழல் வெடித்தாலோ, சவ்வு கிழிந்தாலோ, எக்கி தாழ்ந்த எல்லையிலேயே நின்றுவிடும். காற்றுக் குழாயின் பிணைப்பு தளர்ந்தாலும் அழுத்தம் குன்றி அந்நிலையே வரும். வண்டி மேட்டிற் சோரும். அப்போது பட்டறையிற் செய்வது என்ன? முத்திரையை உடைத்து, எக்கியின் திருகைத் திருப்பி, நெய்யைக் கூட்டுகின்றனர். இழுவை சற்றே மீண்டது போலத் தோன்றும். காற்றோ குறைந்தபடியே இருக்கும். நெய் அரைகுறையாக எரியும், பிந்தி எரியும், வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும், சுழலும் விசிறி வெம்பும், நாளடைவில் ஆடுதண்டின் தலை உருகவும் கூடும். ஓர் எளிய குழலை மாற்றாத குற்றத்துக்குப் பொறி முழுவதும் தண்டம் இறுக்கின்றது.

முறை இதுவே: முதலிற் காற்று வடிகட்டியைப் பார்க்க; பின்னர்க் குழாய்களையும் பிணைப்புகளையும் பார்க்க; அதன்பின் அம்மெல்லிய குழலையும் சவ்வையும் பார்க்க; பீச்சுக்குழல்களை ஆய்க. இறுதியிலேயே எக்கியைத் தொடுக. அதுவும் அளவுக்குடுவைகள் பூட்டிய ஆய்வுமேடையில் வைத்தே திருத்துக.

மின்னாக்கிப் பொறிகளுக்கும் இவ்வறிவு வேண்டும். 2012இல் தமிழகம் கடும் மின்வெட்டால் வாடியபோது தொழிற்பேட்டைகளுக்குக் கைகொடுத்தவை இப்பொறிகளே. பெருஞ்சுமையை ஒரேயடியாக ஏற்றினால், விரைவாளி உடனே நெய்யைக் கொட்டும், காற்றோ பின்தங்கி வரும், கரும்புகை எழும். சுமையைப் படிப்படியாக ஏற்றுதலே தக்கது.

இவற்றை அறியாமை தொழிலாளியின் குற்றமா? அன்று. 1948இல் தொடங்கி 1955இல் அசோகு லேலண்டு எனப் பெயர் பெற்ற நிறுவனத்தின் எண்ணூர்த் தொழிலகத்தில், தமிழர் கைகள் இத்தகு பொறிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பூட்டியுள்ளன. பூட்டிய கைக்குத் தெரிந்த தொழிலின் விளக்கம் மட்டும் ஆங்கிலக் கையேட்டில் அடைபட்டுக் கிடக்கின்றது. ‘டர்போ’ என்னும் ஒலி, பட்டறையிற் பழகும் சிறுவனுக்கு எதனையும் உணர்த்துவதில்லை. அஃது ஏதோ வலிவு தரும் மந்திரம் என்றே எண்ணுகிறான். சுழற்காற்றேற்றி என்ற பெயரோ, சுழல்வது எது, ஏற்றுவது எதனை என்று அவனை வினவச் செய்கின்றது. காற்றைப் பற்றி வினவத் தொடங்கியவன் கண்மூடித் திருகைத் திருப்பான்.

"கடையில் இப்பெயர் சொன்னால் உறுப்புக் கிடைக்குமா?" என எள்ளுவர் சிலர். வாங்குவதற்குக் கடைப்பெயர் இருக்கட்டும். விளங்குவதற்குத் தாய்மொழிப் பெயர் வேண்டும். "2020 ஏப்பிரல் முதல் வந்த புதிய புகைநெறிக்குட்பட்ட வண்டிகளில் மின்னணுக் கருவியே நெய்யை அளக்கின்றது, பழங்கதை எதற்கு?" என்பர் வேறு சிலர். சவ்வின் இடத்தில் அழுத்தமறியும் மின்கருவி அமர்ந்தது. காற்றுக்கேற்ற நெய் என்னும் நெறி மாறவில்லை. பழைய நெறியைத் தெளிந்தவனே புதிய கருவி கூறும் குறிப்பையும் பொருளறிந்து படிப்பான்.

ஆகவே தொழிற்பயிற்சி நிலையங்கள் இப்பொறியின் வெட்டுப்படத்தைத் தமிழ்ப் பெயர்களுடன் சுவரில் எழுதுக. பட்டறை உடையோர், காற்றுவழியை ஆய்ந்தபின்னன்றி எக்கியின் முத்திரையை உடைப்பதில்லை என உறுதி கொள்க. வண்டி உடையோர், "நெய்யைக் கூட்டு" என்னும் முன் "குழலைப் பார்த்தாயா?" எனக் கேட்க. அவ்வொரு கேள்வி காக்களூர்ச் சாலையின் புகையையும் குறைக்கும், கைப்பொருளையும் காக்கும்.