சீமானின் காரும் தோப்பூர் ஓட்டோவும்

மின்சாரக் கார் வந்துவிட்டது, இனி எண்ணெய்க் கப்பலுக்காகக் கடலைப் பார்த்திருக்க வேண்டியதில்லை என்று தலைநகரிலே கொட்டி முழக்குகிறார்கள். 2020 மார்ச்சில் அடைத்த வாகன இறக்குமதிக் கதவு 2025 பெப்ரவரி முதல் நாளில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தது. திறந்த கதவின் வழியே சீனத்து மின்கார்கள் வரிசை வரிசையாக வந்திறங்கின. காட்சி மண்டபங்களிலே அவற்றைச் சுற்றிக் கூட்டம். பத்திரிகைகளிலே முழுப்பக்க விளம்பரம். சாதாரண மனிதனின் போக்குவரத்துச் செலவு இத்துடன் தீர்ந்தது என்று பூரித்துப் பேசுவோரும் உளர். யார் அந்தச் சாதாரண மனிதன்? அவன் குடியிருப்பது கொள்ளுப்பிட்டியிலா, தோப்பூரிலா? மின்வண்டியைப் பற்றிப் பேசும் அமைச்சர் பெருமக்கள் முதலில் இக்கேள்விக்கு விடை பகரட்டும்.

மூதூருக்குத் தெற்கே, கொட்டியாரப்பற்றின் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர் தோப்பூர். அங்கே நாள்தோறும் வண்டி ஓட்டுபவன் யார்? மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிச் செல்பவன். சந்தியிலே சவாரிக்குக் காத்து நிற்கும் முச்சக்கரவண்டிக்காரன். வயலிலிருந்து நெல்மூடை ஏற்றி வரும் உழவன். கார் வைத்திருப்போர் மிகச் சிலர். அவர்களிலும் புதுக்கார் வாங்கத் தக்கவர் அதனினும் சிலர். ஒரு காலத்தில் இப்பகுதியார் திருகோணமலைப் பட்டினம் போவதாயின் மூதூர் இறங்குதுறையிலே படகேற வேண்டும், அன்றேல் துறைதோறும் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 2011இல் ஏனைய பாலங்களும் முடிந்தன. இன்று ஐம்பது கிலோமீற்றருக்குள் பட்டினத்தை அடையலாம். போய் மீள நூறு கிலோமீற்றர் ஆகாது. இந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அன்பர்களே, பின்னர் உதவும்.

2022ஆம் ஆண்டை மறந்தவர் எவரும் இரார். டொலர் தீர்ந்தது, எண்ணெய் தீர்ந்தது, வரிசை வளர்ந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறிற்று. பின்னர் கியூஆர் அட்டை வந்தது, பங்கீடு வந்தது. அப்பங்கீட்டின் நீதியைக் கேளுங்கள். தொடக்கத்திலே கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர்! உல்லாசத்துக்கு ஓடும் வண்டிக்கு இருபது, ஒரு குடும்பத்தின் உலைக்கு அரிசி போடும் வண்டிக்கு ஐந்து! பின்னர் இவ்வளவு உயர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் பேனா எடுத்தவனின் முதற் கை எப்பக்கம் சாய்ந்தது என்பதை அந்த ஐந்து லீற்றர் காட்டிக் கொடுத்துவிட்டதன்றோ? இதிலே வேடிக்கை என்னவெனில், இக்கொடுமை நிகழ்ந்தது சீனன்குடாவைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்திலே. வெள்ளையன் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது அங்கே நிற்கின்றன. 2022 ஜனவரியிலேதான் அவற்றை யார் யார் ஆள்வது என்று இந்திய நிறுவனத்தோடு உடன்படிக்கை எழுதினார்கள்: 14 அவர்களுக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. தாங்கியைப் பங்கிட்டு ஆறு மாதம் ஆவதற்குள் அத்தாங்கிகளின் நிழலிலேயே எம்மவர் வெறும் போத்தலுடன் வரிசையில் நின்றனர்.

ஆகவே எண்ணெயின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. எவருடைய வண்டியை முதலில் விடுவிப்பது என்பதிலேதான் வழக்கு.

காரின் கணக்கை முதலில் பார்ப்போம். மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் கார், லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் கொடுத்தால், 83 லீற்றர் குடிக்கும். 2025 செப்தெம்பர் விலையாகிய 299 ரூபாவில் அது ஏறக்குறைய 25,000 ரூபா. அதே தூரம் ஓட மின்காருக்கு நூற்றைம்பது அலகு சொச்சம் வேண்டும். வீட்டு மின்சாரத்தின் மிக உயர்ந்த படியிலே, அலகு 60 ரூபா என்று கண்டிப்பாகவே கணக்கிட்டாலும் 9,000 ரூபாவுக்குச் சற்று மேல். மாதம் மிச்சம் ஏறக்குறைய 16,000 ரூபா. ஆண்டுக்கு இரண்டு இலட்சம் என்றே வைத்துக்கொள்வோம். நல்லதுதான். ஆனால் அந்த மிச்சத்தைப் பெற முதலில் போட வேண்டிய முதல் எவ்வளவு? சுங்க வரி, உற்பத்தி வரி, பெறுமதி சேர் வரி என்று வரிமேல் வரி ஏறிய பின் புத்தம்புது மின்கார் ஒன்று கோடி ரூபாவை ஒட்டியோ அதைத் தாண்டியோ நிற்கிறது. கோடி ரூபாவுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம்! இரண்டு இலட்சத்தை மிச்சம் பிடிக்கப் பன்னிரண்டு இலட்சத்தைச் செலவிடுவதற்குப் பெயர் சிக்கனமா? பணமுள்ளவர் வாங்கட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதை ஏழையின் விமோசனம் என்று விற்காதீர்கள்!

அரசாங்கத்தின் வரி நூலும் இதே குழப்பத்திலே கிடக்கிறது. மின்காருக்கு உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாற்றைக் கொண்டு விதிக்கப்படுகிறது. வலு ஒரு வரம்பைத் தாண்டினால் வரி திடீரென உயரும். 2025இல் ஒரு சீன நிறுவனத்தின் கார்கள் பல, மோட்டார் வலு 100 கிலோவாற்றா 150 கிலோவாற்றா என்ற ஐயத்திலே சுங்கத்தில் தடுக்கப்பட்டு, மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, வங்கி உத்தரவாதத்தின் பேரில் வெளிவந்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 2015இல், வரி குறைவாயிருந்த சிறு காலத்திலே பழைய நிசான் லீஃப் கார்கள் யப்பானிலிருந்து திரளாக வந்தன. அவ்வாண்டு முடியுமுன் வரவு செலவுத் திட்டத்திலே வரி ஏற்றப்பட்டது, வரவும் ஒடுங்கிற்று. நம்பி வாங்கியவனின் கதி என்ன? அக்காரின் பற்றறிக்கு நீரால் குளிரூட்டும் அமைப்பே கிடையாது. குளிர் நாட்டிலே ஓடிக் களைத்த பற்றறி எம் வெயிலிலே விரைந்து மெலிந்தது. "மின்வண்டி என்றால் பற்றறி செத்துவிடும்" என்ற பேச்சு இன்றும் தேநீர்க் கடைதோறும் நடமாடுவதற்கு அந்த அனுபவமே காரணம். ஒரு குறிப்பிட்ட காரின் குறையை மின்வண்டிக் குலம் முழுவதற்கும் ஏற்றிவிட்டார்கள்.

இன்னொன்று சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்துக்கு நன்றியாக மின்வண்டி உரிமப் பத்திரம் தருவதாக 2022இல் ஒரு திட்டம் வகுத்தார்கள். கார் வேண்டுமாயின் மே மாதத்தின் பின் குறைந்தது 20,000 டொலர் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பியதில் பாதியளவு பெறுமதிக்கே வண்டி இறக்கலாம். மூதூர்ப் பகுதியிலிருந்து வளைகுடா நாட்டு வீடுகளுக்குப் பணி செய்யப் போன சகோதரி ஒருத்தி, மாதம் 300 டொலர் தவறாது அனுப்புகிறாள் என்று வையுங்கள். இருபதினாயிரத்தை எட்ட ஐந்தரை ஆண்டுக்கு மேல் செல்லும்! யாருடைய வியர்வையைக் காட்டித் திட்டம் எழுதப்பட்டதோ, அவளுக்கு அது எட்டாக் கனி. இருசக்கர வண்டிக்கு 3,000 டொலர் என்று வைத்தது ஒன்றே நியாயமானது. அதைப் பற்றி முரசு அறைந்தவர் எவருமிலர். கார்ப் பத்திரத்திலேயோ பின்னர் முறைகேட்டு விசாரணைகள் எழுந்தன. எழாமல் என்ன செய்யும்?

இனி ஓட்டோவின் கணக்கு. நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் முச்சக்கரவண்டிக்கு நான்கு லீற்றர், அதாவது ஏறத்தாழ 1,200 ரூபா வேண்டும். மின் முச்சக்கரவண்டிக்கு எட்டு அலகு போதும். அதே கண்டிப்பான 60 ரூபா வீதத்திலும் 480 ரூபா. நாளுக்கு மிச்சம் 700 ரூபாவுக்கு மேல். மாதம் இருபத்தாறு நாள் ஓடினால் 18,000 ரூபாவுக்கு மேல். கோடி ரூபாக் காரில் அமர்ந்தவர் பெறும் மிச்சத்தைவிடத் தோப்பூர்ச் சந்தியிலே நிற்பவன் பெறும் மிச்சம் கூடியது! காரோ வீட்டு முற்றத்திலே பெரும்பொழுது உறங்குகிறது; ஓட்டோ காலை முதல் மாலை வரை உழைக்கிறது. ஓடும் தூரத்திலேதான் மின்வண்டியின் இலாபம் இருக்கிறது. நிற்கும் அழகிலே இல்லை. எண்ணெய் எரிக்கும் இயந்திரம் தான் குடித்ததில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே சக்கரத்துக்குக் கொடுத்து, மிஞ்சியதை வெப்பமாகக் காற்றிலே விடுகிறது. மின்மோட்டார் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சக்கரத்துக்கே கொடுக்கிறது. நின்று நின்று ஓடும் வண்டிக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிது.

இந்நாட்டிலே பதிவான முச்சக்கரவண்டிகள் பத்து இலட்சத்துக்கு மேல். அவற்றுக்கு ஆட்சியாளர் செய்தது என்ன? 2017இலே மத்திய வங்கி, காருக்கு விலையில் பாதிவரை கடன் கொடுக்கலாம், முச்சக்கரவண்டிக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கலாகாது என்று விதி வகுத்தது. இருப்பவனுக்குப் பாதி, இல்லாதவனுக்குக் கால்! ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு பெற்றோல் ஓட்டோக்களை மின் ஓட்டோக்களாக மாற்றும் முன்னோடி முயற்சி ஒன்று எழுந்தது. அதுவும் மேல் மாகாணத்துச் சில நூறு வண்டிகளோடு தொடங்கிற்று. கடல் கடந்து சற்றே பாருங்கள். 2023இல் இந்தியாவிலே விற்பனையான மின் முச்சக்கரவண்டிகள் ஐந்து இலட்சத்துக்கு மேல். சீனாவையே அது விஞ்சியது. அங்கே மின்வண்டியின் முதல் வாடிக்கையாளன் சீமான் அல்லன், தெருவோரத்து ஓட்டுநனே.

"தூரம் போகாதே" என்கிறார்கள். பட்டினம் போய் மீள நூறு கிலோமீற்றர் ஆகாத ஊருக்கு எத்தனை தூரம் வேண்டும்? இக்கால மின் ஓட்டோவுக்கு ஒரே மின்னேற்றத்தில் அத்தூரம் கைகூடும். கொழும்புக்கு ஓட்டோவிலே போவாரும் உண்டோ? "பற்றறி விலை" என்கிறார்கள். இது மெய்யான தடை, மறுக்கமாட்டோம். ஈயப் பற்றறி பூட்டிய மலிவு வண்டியை வாங்கி ஈராண்டில் கையைச் சுட்டுக்கொள்பவர் உண்டு. இரும்புப் பொஸ்பேற்று வகை லித்தியப் பற்றறியோ வெப்பத்தையும் ஆயிரக்கணக்கான மின்னேற்றங்களையும் தாங்கும். அதன் விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலைக்குத்தான் கடன் வேண்டும். அந்தக் கடனைத்தான் இறுக்கினீர்கள். "மின்வெட்டு வருமே" என்கிறார்கள். 2022 மார்ச்சு முடிவிலே நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்தவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த இருளும் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமையால் வந்த இருள்தானே? ஒரே நோயின் இரண்டு குறிகளில் ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்துவது என்ன வாதம்?

மெய்யான முட்டுக்கட்டை மின்சார சபையின் படிக்கட்டுக் கட்டணத்திலே இருக்கிறது. குறைவாய்ப் பாவிக்கும் வீட்டுக்குக் குறைந்த வீதம், கூடப் பாவித்தால் கூடிய வீதம் என்பது நல்ல நோக்கத்தோடு வந்த முறைதான். ஆனால் மாதம் 80 அலகோடு குடித்தனம் நடத்தும் ஓட்டோக்காரன் தன் வண்டிக்கு மேலும் 200 அலகு ஏற்றினால், 180 அலகைத் தாண்டி, குளிரூட்டி பூட்டிய மாளிகைக்காரனின் படியிலே நிறுத்தப்படுகிறான். உழைப்புக்கு ஏற்றிய மின்சாரத்துக்கு உல்லாச வீதம்! நாம் மேலே 60 ரூபா என்று கணக்கிட்டது இதனாலேயே. இந்த அநீதியோடும் மின்வண்டி வெல்கிறது என்றால், இது நீங்கினால் எவ்வளவு வெல்லும்!

நீக்குவதற்கு வழியும் வானத்திலேயே இருக்கிறது. 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே தேவை குறைந்தபோது, கூரைகளிலே சூரிய மின்கலம் வைத்திருந்தோரைப் பகலில் அதை அணைத்துவிடுமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. எண்ணெய்க்கு டொலர் இல்லாத நாடு, விலையின்றி வரும் வெயில் மின்சாரத்தை வேண்டாம் என்கிறது! அந்த நண்பகல் வேளையிலேதான் எம் ஓட்டோக்கள் வெயிலுக்கு அஞ்சி மரநிழலிலே சும்மா நிற்கின்றன. மிஞ்சும் மின்சாரமும் சும்மா நிற்கும் வண்டியும் ஒரே நாழிகையில் இருக்க, இரண்டையும் இணைக்க ஒரு கம்பியும் ஒரு நியாயமான பகல் வீதமும் வேண்டும், அவ்வளவே.

அதிலும் எம் பகுதிக்கு ஒரு தனி உரிமை உண்டு. மூதூர்ப் பிரதேசத்துச் சம்பூர் மக்கள் 2006இல் துரத்தப்பட்டனர். அவர்கள் மண்ணிலே இந்தியக் கூட்டோடு 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். மக்கள் எதிர்த்தனர், 2016இல் அது கைவிடப்பட்டது. இன்று அதே சம்பூருக்கு 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையம் வகுக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 5ஆம் நாள் இந்தியப் பிரதமர் தொடக்கி வைத்தார். புகையில்லாத திட்டம், வரவேற்கிறோம். ஆனால் அந்த மின்சாரம் எம் வயல்களின் மேலாகக் கம்பியிலே ஓடித் தலைநகரின் கோடி ரூபாக் கார்களை ஏற்றிவிட்டு, தோப்பூரான் மட்டும் காசு கொடுத்துப் பெற்றோல் அடிக்க வேண்டுமா?

மூதூர்ப் பிரதேச சபை தோப்பூர்ச் சந்தியிலே ஒரு கொட்டகை போடட்டும். அதிலே பத்து ஓட்டோக்கள் ஒருங்கே மின்னேற்றப் பத்துச் செருகிகள் வைக்கட்டும். மின்சார சபை அதற்குத் தனி மானி பூட்டி, பகற்பொழுதுக்குக் குறைந்த வீதம் விதிக்கட்டும். மத்திய வங்கி மின் ஓட்டோவுக்குக் காரினும் தாராளமான கடன் வரம்பை வகுக்கட்டும். வண்டிக்கு மூன்று கிலோவாற்றாகப் பத்துக்கும் வேண்டியது முப்பது கிலோவாற்று. சம்பூருக்கு வகுத்திருப்பதோ 120,000 கிலோவாற்று.