அட்டை ஐகிரவுண்டுக்கும்தான்

நெல்லையில் எந்த டீக்கடையில் பேச்செடுத்தாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார்: "காப்பீட்டு அட்டை பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத்தான். ஐகிரவுண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில எல்லாம் ஓசி, அங்க அட்டை என்னத்துக்கு?" படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இந்த நினைப்பு ஏழைகளின் ஆஸ்பத்திரியை மேலும் ஏழையாக்குகிறது.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதன் இடத்தில் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்து, 2018-ல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு இந்த அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அதாவது, நம் வரிப்பணம் ஏற்கெனவே காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் உள்ளதுதான். முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு பெண்ணின் கணவருக்கு அங்கே ஸ்டென்ட் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இருந்தால், அதற்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குத் தர வேண்டும். மருந்து, கருவி, ஊழியர் ஊக்கத்தொகை என்று அது அங்கேயே செலவாகும். அட்டை இல்லாவிட்டால் செலவு ஆஸ்பத்திரியின் தலையில் விழும். இருப்பில் இல்லாத பொருளுக்கு வீட்டார் அலைவார்கள். லாபம் நிறுவனத்துக்கு மட்டும். இதையா ஓசி என்கிறோம்?

ஓசிதானே என்ற நினைப்பால் பலர் அட்டை எடுக்காமலே இருந்துவிடுகிறார்கள். பிறகு ஆள் வார்டில் கிடக்கும்போது மகன் வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ.வைத் தேடுகிறான், அதையும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் தூக்கிக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஓடுகிறான். அம்மா சுளகை ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்; பீடிக் கூலியும் போயிற்று.

அட்டையால் தீராத துன்பமும் உண்டு. மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அது உதவாது. படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கே பெரும்பாலும் உதவும். அதைச் சொல்லி அட்டையையே வேண்டாம் என்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கியவர்களைப் பார்த்ததில்லை போலும்.

பழி மக்கள் மேல் மட்டும் இல்லை. "இலவசம்" என்று போர்டு வைக்கத் தெரிந்த அரசு, "அட்டையைக் கொண்டு வாருங்கள், உங்கள் ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும்" என்று எழுதி வைப்பதில்லை. மேலப்பாளையத்திலும் கடையத்திலும் ரேஷன் கடை வாசலில் வி.ஏ.ஓ.வும் பதிவு ஆட்களும் ஒரே நாளில் உட்காரட்டும். ரேஷன் கார்டோடு வந்தவர்கள் சான்றும் வாங்கி, அட்டைக்கும் பதிந்துவிட்டுப் போவார்கள்.