போதுமா, போதாதா?



சென்ற மாதம் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாயும் மகளும் நம்மைக் காண வந்தனர். மகள் பட்டம் பெற்றவர். வங்கி அலுவலர் தேர்வை இருமுறை எழுதி, இருமுறையும் தவறியவர். "இவளுக்குக் கணக்கு வராது, சாமி. வேறு வழி பார்க்கச் சொல்லுங்கள்" என்றார் தாய். மகள் ஒன்றும் பேசாமல் தம் பயிற்சி நூலை நம்முன் விரித்து வைத்தார். பக்கமெங்கும் சிவப்பு மையில் பிழைக்குறிகள். அத்தனையும் ஒரே வகைக் கணக்குகள். தரவுப் போதுமை என்பது அவற்றின் பெயர். மேலாண்மைக் கல்விக்கான ஜிமேட் தேர்வில் நெடுங்காலமாக இடம்பெறும் இவ்வகை, நம் நாட்டு வங்கித் தேர்வுகளிலும் கேட்கப்படுகிறது.

இக்கணக்கின் அமைப்பு சற்றே வேறானது. ஒரு வினாவும் அதன்கீழ் இரண்டு கூற்றுகளும் தரப்படும். விடை என்ன என்று கேட்பதில்லை. விடை காண அக்கூற்றுகள் போதுமா என்றே கேட்பர். முதற்கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், ஒவ்வொன்றும் தனியே போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், சேர்ந்தாலும் போதாது: இவ்வைந்தில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

மகள் பிழை செய்த கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 'க என்பது மிகை எண்ணா?' முதற்கூற்று: க-இன் வர்க்கம் 25. இரண்டாம் கூற்று: க-ஐ மும்முறை பெருக்கினால் கிடைப்பது குறை எண்.

முதற்கூற்றைக் கண்டதும் அவர் 5 என்று எழுதி, 'போதும்' என முடித்திருந்தார். ஆனால் குறை 5-இன் வர்க்கமும் 25 அன்றோ! ஆகவே அது போதாது. இரண்டாம் கூற்றைத் தனியே எடுத்தால், மிகை எண்ணை எத்தனை முறை பெருக்கினும் மிகையே வரும். பூச்சியத்தைப் பெருக்கினால் பூச்சியமே வரும். எனவே க குறை எண்ணே. 'மிகை எண்ணா?' என்ற வினாவுக்கு 'இல்லை' என்ற உறுதியான விடை கிடைத்துவிட்டது. 'இல்லை' என்று விடை வந்ததால் கூற்று போதாது என்று எண்ணிவிட்டார் மகள். உறுதியான 'இல்லை'யும் போதுமான விடையே. 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் இரண்டும் வரக்கூடுமாயின் மட்டுமே கூற்று போதாது.

பூச்சியத்தையும் மறத்தலாகாது. 'க குறை எண் அன்று' என்றால் அது மிகை எண் என்று பலர் உடனே முடிவு செய்வர். பூச்சியம் மிகையுமன்று, குறையுமன்று. நடுவில் நின்று அம்முடிவைக் கவிழ்த்துவிடும்.

குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எவ்வாறு வரும் என்று தாயே கேட்டார். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகை எண்ணைத் தனம் என்றும், குறை எண்ணைக் கடன் எனப் பொருள்படும் ருணம் என்றும் அழைத்து, இவ்விதியை வகுத்துள்ளார். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 50 ரூபாய் கடன்படுகிறது என்க. அது குறை 50. நான்கு நாள்களுக்கு முன் என்பது குறை 4. நான்கு நாள்களுக்கு முன் அக்குடும்பத்தின் நிலை இன்றைவிட 200 ரூபாய் மேலாக இருந்தது. குறை 4-ஐக் குறை 50-ஆல் பெருக்க மிகை 200. கடன் கணக்கு அறிந்த தாய்க்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இனி அந்நூலில் இருந்த மற்றொரு கணக்கு. 'க, ப ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் மிகையா?' முதற்கூற்று: க, ப இரண்டின் கூட்டுத்தொகை மிகை. இரண்டாம் கூற்று: க-இலிருந்து ப-ஐக் கழித்தால் வருவதும் மிகை. க 5, ப 3 என்று வைத்தால் இரு கூற்றுகளும் பொருந்தும், பெருக்கற்பலன் 15. க 5, ப குறை 3 என்று வைத்தாலும் இரண்டும் பொருந்தும். பெருக்கற்பலனோ குறை 15. ஆகவே இரண்டும் சேர்ந்தும் போதா.

ஆனால் அதே கூற்றுகளை வைத்து 'க மிகையா?' என்று கேட்டிருந்தால்? இரண்டையும் கூட்டினால் ப மறைந்து, க-இன் இருமடங்கு மிகை என்று தெளிவாகும். அப்போது இரண்டும் சேர்ந்து போதும். கூற்றுகள் மாறவில்லை, வினா மாறியது. ஒரு செய்தி போதுமா என்பது அச்செய்தியை மட்டும் பொறுத்ததன்று; எதை அறிய அதைக் கொண்டுவருகிறோம் என்பதைப் பொறுத்தது. இவ்வகைக் கணக்கின் உயிர்நாடி இதுவே.

ஆகவே இளையோர் ஒரு பழக்கம் கொள்ளட்டும். முதலில் வினாவைத் தாளில் எழுதுக. முதற்கூற்றைத் தனியே ஆய்க. பின் அதை அறவே மறந்து இரண்டாவதை ஆய்க. தனித்தனியே போதாவிடில் மட்டும் இரண்டையும் இணைக்க. ஒவ்வொரு முறையும் ஒரு மிகை எண், ஒரு குறை எண், பூச்சியம், ஒன்றுக்குட்பட்ட ஒரு பின்னம் ஆகிய நான்கையும் வைத்துப் பார்க்க. முதலில் தோன்றும் எண்ணோடு நின்றுவிட வேண்டாம்.

விடைபெறும் வேளையில் தாயிடம் நாமும் ஒரு கணக்குக் கொடுத்தோம். வினா: 'இவருக்குக் கணக்கு வருமா?' முதற்கூற்று: முதல் தேர்வில் தவறினார். இரண்டாம் கூற்று: இரண்டாம் தேர்விலும் தவறினார். போதுமா? தாய் சற்று நேரம் சிந்தித்து, "இரண்டும் சேர்ந்தாலும் போதாது, சாமி" என்றார். மகள் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

மூன்றாம் முறை அவர் வெல்வாரா என்பதற்கும் நம்மிடம் போதிய தரவு இல்லை. ஆயினும் அவர் மீண்டும் எழுதலாம் என்று அன்று அவ்வீட்டில் முடிவாயிற்று.