ஷாக் அப்ஸார்பர் சுமை தாங்குவதில்லை

லாரியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. ஷாக் அப்ஸார்பருக்கு அந்த வேலை கொடுக்கப்படவே இல்லை. ஆனால் உதிரிபாகக் கடைகளிலும் ஒர்க்‌ஷாப்புகளிலும் நிலவும் நம்பிக்கை வேறு: லோடு வண்டி என்றால் ஷாக் அப்ஸார்பர் கெட்டியாக இருக்க வேண்டும், கேஸ் அடைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது, விலை கூடக்கூடத் தாங்கும் சக்தியும் கூடும். பதினைந்து, இருபது வருடம் ஓடிய டாடா 407-க்கு உதிரி தேடும் ஓனர் இந்தப் பேச்சை நம்பித் தேவையில்லாத பொருளுக்குக் காசைக் கொட்டுகிறார். அல்லது அந்த விலையைக் கேட்டு மலைத்துப்போய், பழையதையே ரீகண்டிஷன் செய்து மாட்டிக்கொள்கிறார். நம்பிக்கை ஒன்றுதான், நஷ்டம் இரண்டு வழியிலும் வருகிறது.

சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பட்டை அமுங்கி, அந்த ஆற்றலைத் தனக்குள் தேக்கிக்கொள்கிறது. அதை உடனே திருப்பித் தள்ளுகிறது. தடுக்க எதுவும் இல்லாவிட்டால் வண்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே போகும். ஷாக் அப்ஸார்பரின் வேலை அந்த ஆட்டத்தை அடக்குவது மட்டுமே. உள்ளே ஒரு குழாய், அதில் எண்ணெய், எண்ணெயில் மூழ்கிய பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுத் தகடுகளும். பிஸ்டனோடு இணைந்த ராடு நகரும்போது எண்ணெய் அந்தச் சின்ன வழிகளில் பிதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தடையில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி, உடம்புக் குழாய் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. சாதாரண வகையில் உள்குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் இருக்கும். ராடு உள்ளே நுழையும்போது இடம்பெயரும் எண்ணெய் அதில் போய்ச் சேரும். இதைத்தான் இரட்டைக் குழாய் வகை என்கிறார்கள்.

ஷாக் அப்ஸார்பர் கொடுக்கும் தடை ராடு நகரும் வேகத்தைப் பொறுத்தது. நிற்கிற வண்டியில் வேகம் இல்லை, தடையும் இல்லை. எண்ணெய் மட்டும் அடைத்த ஷாக் அப்ஸார்பரை நிமிர்த்தி வைத்து மேலிருந்து மெதுவாக அழுத்தினால், கை எடைக்கே இறங்கிவிடும். இறங்கிய இடத்திலேயே நிற்கும். கையழுத்தத்துக்கே இறங்கும் பொருள் மூன்று டன் செங்கலை எப்படித் தாங்கும் என்று கவுண்டரில் யாரும் கேட்பதில்லை.

கேஸ் அடைத்தது தாங்கும் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒற்றைக் குழாய் வகையில் நைட்ரஜன் சுமார் 25 பார் அழுத்தத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராடின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்றால் அதன் குறுக்குப் பரப்பு 154 சதுர மில்லிமீட்டர். அழுத்தத்தை அந்தப் பரப்பால் பெருக்கினால் ராடு வெளியே தள்ளும் விசை கிடைக்கும்: ஏறத்தாழ 39 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பக்கமும் சேர்த்தால் 78 கிலோ. கிளீனர் பையன் ஒருவனைக் கூடுதலாக ஏற்றுகிற அளவு. இரட்டைக் குழாய் வகையில் கேஸ் அழுத்தம் இதைவிட மிகக் குறைவு என்பதால், அங்கே இந்த விசையும் அதே அளவில் குறைந்துவிடும். கேஸ் அடைத்ததன் நோக்கமே வேறு. தொடர்ந்து வேகமாக ஆடும் பிஸ்டனுக்குப் பின்னால் எண்ணெயில் நுரை கிளம்பும். நுரை வந்தால் தடை போய்விடும். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தியான் பூர்சியே த கர்போன் 1950-களில் ஒற்றைக் குழாய்க்குள் அழுத்தமேற்றிய கேஸை அடைத்தது இந்த நுரையை ஒழிக்கத்தான். லோடு ஏற்றுவதற்காக அல்ல. கரடுமுரடான பாதையில் நெடுநேரம் வேகமாக ஓடும் வண்டிக்கு அது உண்மையிலேயே பயன். எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு குவாரிப் பாதையில் ஊர்ந்து வந்து, மெயின் ரோட்டில் ஐம்பதில் ஓடும் பழைய வண்டிக்கு அந்தக் கூடுதல் விலையால் கிடைப்பது சொற்பம்.

ஷாக் அப்ஸார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் மாட்டிய வகைகளும், காற்று அடைக்கும் வகைகளும் உண்டு. அவை கொஞ்சம் சுமை வாங்கும், ஆனால் வாங்கிய சுமையைச் சேஸிஸில் உள்ள சின்னப் பிராக்கெட்டின் தலையில் வைக்கும். அந்தப் பிராக்கெட் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய வண்டியில் ஏற்கெனவே ஒருமுறை வெல்டிங் கண்டதாகவும் இருக்கும்.

சரி, தாங்காவிட்டாலும் லோடு ஏறும்போது கெட்டியாக இருப்பது நல்லதுதானே என்ற கேள்வி வரும். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது. பட்டையின் விறைப்பு மாறாதபோது, ஆட்டத்தை அடக்கும் திறன் எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும். பின் அச்சின் மேல் உள்ள எடை காலி வண்டியில் ஒரு டன், லோடு ஏறியபின் நாலு டன் என்றால், அதே ஷாக் அப்ஸார்பரின் அடக்கும் திறன் பாதியாகிவிடும். ஆகவே லோடு வண்டியில் கொஞ்சம் கூடுதல் தடை கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் லாரி எப்போதும் லோடோடு ஓடுவதில்லை. செங்கல் இறக்கிவிட்டுச் சூளைக்குத் திரும்பும் வழி முழுக்கக் காலிதான். அப்போது அந்தக் கெட்டியான ஷாக் அப்ஸார்பர் அளவுக்கு மீறிய தடையாகிவிடுகிறது. மேடு வந்தால் பட்டை அமுங்கும் முன்பே அதிர்ச்சி ராடு வழியாகச் சேஸிஸுக்கு ஏறுகிறது. மேடு தாண்டியதும் சக்கரம் சட்டென்று கீழே இறங்க முடியாமல் ஒரு கணம் தொங்குகிறது. தொங்கும் சக்கரத்தில் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. வரிசையாகப் பள்ளங்கள் வந்தால் பட்டை ஒவ்வொரு முறையும் முழுதாக விரியாமலே அடுத்த அடியை வாங்கி, வண்டி மெல்லத் தாழ்ந்துகொண்டே போவதும் உண்டு. தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த வால்வு அளவு இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே பார்த்து வைத்த சமரசம். கெட்டியானது என்று கேட்டு வாங்குபவர் அந்தச் சமரசத்தைக் கலைத்துவிடுகிறார்.

பின்னே, கெட்டியானதைப் போட்டபின் வண்டி நன்றாக இருக்கிறது என்று டிரைவர் ஏன் சொல்கிறார்? ஒன்று, எண்ணெய் வடிந்து செத்துப்போன ஷாக் அப்ஸார்பரைக் கழற்றிவிட்டு எந்தப் புதியதை மாட்டினாலும் ஆட்டம் நிற்கும். மலிவானதை மாட்டியிருந்தாலும் அதே பாராட்டுதான் கிடைத்திருக்கும். இரண்டு, ஷாக் மாற்றும் அன்றைக்கே ஸ்பிரிங் பட்டறையில் பட்டையை அடித்து வளைவு ஏற்றி, ஒரு பட்டை கூடுதலாகவும் சேர்த்துவிடுவார்கள். வண்டி உயர்ந்து நின்றது அந்தப் பட்டையால். பெயர் வாங்கியது ஷாக் அப்ஸார்பர்.

இந்த நம்பிக்கையின் மறுபக்கத்தில் இன்னொரு கட்சியும் இருக்கிறது: பட்டை இருக்கிறது, ஷாக் எதற்கு, அது காருக்கான சொகுசு என்பது. பல பழைய கனரக லாரிகளில் பின் அச்சில் ஷாக் அப்ஸார்பரே கிடையாது என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அடுக்கடுக்கான பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதே ஓரளவு ஆட்டத்தை அடக்குகிறது. பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, இரண்டு மூன்று மட்டுமே வைக்கும் பாரபோலிக் வகையில் அந்த உரசல் மிகக் குறைவு. அங்கே ஷாக் அப்ஸார்பர் போனால் அடக்க வேறு ஆளில்லை. ஸ்டியரிங் உள்ள முன் அச்சில் எந்த வகைப் பட்டையாக இருந்தாலும் அது கட்டாயம். தயாரிப்பாளர் வைத்த இடத்தில் அது இருக்க வேண்டும், வைக்காத இடத்தில் புதிதாகத் தேவையில்லை என்பதோடு இந்த வழக்கு முடிந்தது.

எனில் சிக்கனமாக வாங்குவது எப்படி? வண்டியின் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய, எண்ணெய் அடைத்த சாதாரண இரட்டைக் குழாய் வகை போதும். 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியாவைப் போல, வண்டித் தயாரிப்பாளர்களுக்குச் சப்ளை செய்துகொண்டே வெளிச் சந்தையிலும் தங்கள் பெயரில் விற்கும் நிறுவனங்கள் உண்டு. லாரி கம்பெனியின் முத்திரை போட்ட பெட்டியைத் தேடிப் போகாமல், அந்த உதிரிபாகத் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியை வாங்குவதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது.

விலையைவிட முக்கியமானது நீளம். கடையில் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுவார்கள். முழுதாக அமுங்கியபோது எவ்வளவு, முழுதாக விரிந்தபோது எவ்வளவு என்று ஒவ்வொரு ஷாக் அப்ஸார்பருக்கும் இரண்டு அளவுகள் உண்டு. அச்சு மேலே வந்து பம்ப் ரப்பரில் இடிக்கும் நிலையில், மேல் கீழ் போல்ட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அமுங்கிய நீளம் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் வாங்க வேண்டிய இடியை ராடு வாங்கும். ராடு வளையும் அல்லது அடிவால்வு நசுங்கும். சேஸிஸை ஜாக்கி வைத்துத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டால் அதே இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே எவ்வளவு தூரமோ, அதைவிட விரிந்த நீளம் அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சின் எடையைப் பிடித்துத் தொங்குவது ஷாக் அப்ஸார்பர்தான். போல்ட் நுழையும் கண்ணி கிழியும், பிராக்கெட் பிடுங்கும். பட்டை கூட்டி உயர்த்திய வண்டியில் இந்த இரண்டாவது சிக்கல் அடிக்கடி வரும். புதுசு போட்டு மூணு மாசத்தில் புட்டுக்கிச்சு என்று கம்பெனியைத் திட்டும் பல சம்பவங்களின் பின்னால் இருப்பது அளக்காமல் விட்ட ஓர் அங்குலம்தான். ஓர் அளவு டேப்பும் அரை மணி நேரமும் போதும்.

அடுத்தது புஷ். மலிவான பொருளில் முதலில் போவது வால்வோ சீலோ அல்ல, கண்ணிக்குள் இருக்கும் ரப்பர்தான். நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்து, பிறகு மறையும் ரப்பர் நல்லது. கல்லைப்போல இருந்தாலும் சரி, பொடிப்பொடியாக உதிர்ந்தாலும் சரி, பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். கண்ணியைக் குழாயோடு இணைக்கும் வெல்டிங் சுற்றிலும் தொடர்ச்சியாக இருக்கிறதா, ராடின் குரோம் பூச்சில் கீறல் இருக்கிறதா என்பதைக் கடை வெளிச்சத்திலேயே பார்த்துவிட முடியும். ரீகண்டிஷன் செய்ததை வாங்குவதில் உள்ள சிக்கல் இங்கேதான். குழாயை அறுத்துத் திறந்து, புது ஆயில் சீல் போட்டு, எண்ணெய் ஊற்றி, மறுபடி வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்தால் பார்வைக்குப் புதுசுதான். தேய்ந்த பிஸ்டனும் தளர்ந்த வால்வுத் தகடும் உள்ளே அப்படியே இருக்கும். குரோம் உரிந்த ராடு புது சீலைச் சீக்கிரமே அறுத்துவிடும். விலை பாதி, ஆயுள் பாதிக்கும் கீழே. கழற்றி மாட்டும் கூலி இரண்டு தடவை.

வாங்கும் முன், பழையது உண்மையில் போய்விட்டதா என்று பார்ப்பதும் சிக்கனத்தில் சேர்த்தி. பம்பரை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் கார்ச் சோதனை லாரிக்கு உதவாது. ஆள் பலத்துக்கு அந்தப் பட்டை அசையாது. மேடு பள்ளமான பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நிறுத்திய உடனே புறங்கையை நான்கு ஷாக் அப்ஸார்பர்களுக்கும் அருகே கொண்டுபோய்ப் பார்த்தால் போதும். வேலை செய்தது சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது செத்துவிட்டது. மேல் மூடியின் அருகே லேசான ஈரப் படலம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. குழாய் நெடுக எண்ணெய் வழிந்து அதில் மண் அப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். டயரின் ஓரத்தில் விட்டுவிட்டுக் குழிவிழுந்த தேய்மானம் இன்னொரு அடையாளம். மாற்றும்போது ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது இரு பக்கச் சக்கரங்களும் ரோட்டை ஒரே அளவில் பிடிக்காது. எட்டு வருடம் தாண்டிய வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும் என்பதால், அதற்கு முன் செய்யும் வேலைகளோடு இந்தச் சோதனையையும் வைத்துக்கொள்வது வசதி.

இரட்டைக் குழாய் வகை கடை அலமாரியில் படுத்த நிலையில் கிடந்திருந்தால் காற்று உள்குழாய்க்குள் புகுந்திருக்கும். மாட்டும் முன், வண்டியில் எந்தப் பக்கம் மேலே இருக்குமோ அப்படியே நிமிர்த்திப் பிடித்து, முழுதாக இழுத்து முழுதாக அமுக்கி, தடை எங்கும் அறுபடாமல் ஒரே சீராக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, புதுசு லூசாக இருக்கிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இழுக்கும்போது உள்ள தடை அமுக்கும்போது உள்ளதைவிட அதிகமாகத் தெரிவதும் பழுதல்ல. பட்டை திரும்பத் தள்ளும் விசையைத்தான் முக்கியமாக அடக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அமுக்கிப் பார்த்துக் கெட்டி, லேசு என்று தீர்ப்புச் சொல்லும் கவுண்டர் பழக்கம் இதனால்தான் எதையும் காட்டுவதில்லை. கண்ணி போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, வண்டி இறங்கிய நொடியிலிருந்து கிழியத் தொடங்கும். முதல் சில லோடுகளுக்குப் பிறகு நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.