கோட்டுக்கு வேண்டிய நிறம்

போடிநாயக்கனூர்ச் சந்தையில் ஏலக்காய்க்கு மதிப்பளிப்பவை பருமனும் நிறமும் ஆகும். பச்சை வெளுத்துவிட்டால் விலையும் இறங்கிவிடும். ஆகையால்தான் மலைச்சரிவில் பறித்த காயை ஸ்டோரில் இட்டு, சூட்டை அளவாக வைத்து, பசுமை கெடாமல் உலர்த்துகிறார்கள். காயிலுள்ள பச்சையைக் காப்பது ஒரு தொழில். வெளுத்த காய்க்குச் சாயம் ஏற்றுவது வேறொரு தொழில். முன்னதற்குத் திறமை என்று பெயர். பின்னதற்கு என்ன பெயர் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

சித்திரக் கதைகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டு வர்ணம் தீட்டும் கலையிலும் இதே வேற்றுமை உண்டு என்பதே நாம் இவ்வாரம் சொல்ல வந்த விஷயம். வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இவ்வித்தையைத் தாமே பழகுகிறார்கள். பெற்றோர்கள் இதனை வீண் பொழுதுபோக்கென்று தள்ளிவிடாமல், அதன் நுட்பம் யாதென்று அறிந்துகொள்வது நலம்.

முற்காலத்து அமெரிக்க வீரக் கதைகளில், கோட்டுக்குரிய கறுப்பு நீங்கலாக மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று மைகளே உண்டு. ஒவ்வொரு மையையும் கால் பங்கு, அரைப் பங்கு, முழுப் பங்கு என இடலாம், இடாமலும் விடலாம். ஆக, மை ஒன்றுக்கு 4 நிலைகள். 4-ஐ மும்முறை பெருக்கினால் 64. வர்ணக்காரர் படத்தின் நகலில் நிறம் தீட்டி, இடத்துக்கு இடம் குறியெண் எழுதி அனுப்புவார். அதைப் பார்த்து வேறு தொழிலாளர்கள் மைக்கொரு தகடாகப் பிரிப்பார்கள். தாளோ மிக மட்டமானது. 1962-ஆம் ஆண்டில் ஹல்க் என்னும் பூதாகாரமான வீரன் முதல் இதழில் சாம்பல் நிறத்துடன் தோன்றினான். அந்தச் சாம்பல் அச்சில் ஒரே சீராக விழவில்லை. ஆகவே இரண்டாம் இதழிலேயே அவனைப் பச்சையாக்கிவிட்டார்கள். இன்று உலகமறிந்த அப்பச்சை நிறம், அச்சு யந்திரத்தின் குறை தந்த வரமேயாகும்!

1988-ஆம் ஆண்டில் 'அகிரா' என்ற ஜப்பானியச் சித்திரக் கதையை அமெரிக்காவில் வெளியிட்டபோது, ஸ்டீவ் ஆலிஃப் என்பவர் அதற்குக் கம்ப்யூட்டரால் வர்ணம் தீட்டினார். 1990-ஆம் ஆண்டில் போட்டோஷாப் என்னும் சாதனம் வந்தது. அதன் பின்னர் இம்முறை எங்கும் பரவிற்று.

செய்முறை வருமாறு: கோட்டுச் சித்திரத்தை ஒரு கண்ணாடித் தகட்டைப் போல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொள்வார்கள். இத்தகைய ஒவ்வொரு தகட்டுக்கும் லேயர் என்று பெயர். அதன் கீழுள்ள லேயரில் முகம், சட்டை, வானம் என்று ஒவ்வொரு பகுதியையும் ஒரே சம நிறத்தால் நிரப்புவார்கள். வேண்டும் பகுதியைப் பின்னர் ஒரு நொடியில் தனியே பிரித்தெடுப்பதற்கே இந்த ஏற்பாடு. அதற்கு மேல் நிழலுக்கு ஒரு லேயர், ஒளிக்கு ஒரு லேயர். நிழலைப் பெரும்பாலும் மல்டிப்ளை என்ற முறையில் இடுவார்கள். அடிநிறம் மறையாமல், கறுப்புக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் மங்கித் தோன்றும். ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றவற்றைத் தொடாமலே திருத்தலாம்.

நிற்க. கம்ப்யூட்டர்த் திரையில் மூன்று ஒளிகளுக்கும் தலைக்கு 256 நிலைகள் உண்டு. மும்முறை பெருக்கிப் பாருங்கள்: 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள்! ஆனால் திரை ஒளியால் மிளிர்வது. தாள் மையால் விளங்குவது. திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சை, தாளில் இறங்கியதும் சோர்ந்துவிடும். கற்கும் பிள்ளைகள் இதை முதலிலேயே உணர வேண்டும்.

அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. 64 நிறங்கள் மட்டுமே இருந்த காலத்தில் வர்ணக்காரர் யோசித்துத் தேர்ந்தெடுத்தார். கோடிக்கணக்கில் கிடைத்துவிட்டால் யோசனை எதற்கு என்று தோன்றிவிடுகிறது. உடனே ஒவ்வொரு தசையிலும் பளபளப்பு; ஒவ்வொரு சுவரிலும் ஜ்வாலை!

நம் தமிழ்நாட்டு உதாரணத்தையே பார்ப்போம். 1972-ஆம் ஆண்டில் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் 1962-ஆம் ஆண்டில் ஆரம்பமான கதை அது. சித்திரங்கள் ஸ்பெயின் தேசத்து ஹெஸூஸ் பிளாஸ்கோவின் கைவண்ணம். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து, இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் மிதக்கும். கறுப்பும் வெளுப்புமே கொண்டு பிளாஸ்கோ அதனைக் காட்டினார். இன்று ஒருவர் அதற்கு வர்ணம் தீட்ட முற்பட்டு, பின்னணியில் இருக்கிற நிறமெல்லாம் கொட்டினால் என்ன ஆகும்? கண்ணுக்குத் தெரிய வேண்டிய ஒரே பொருளாகிய அந்தக் கையும் மறைந்துபோகும்! பின்னணியை அடக்கி, கைக்கு மட்டும் ஒளி தருபவரே கதையைப் படித்தவர்.

அடக்கம் என்பது யாது என்பதைக் கற்க அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. அதிகாலையில் குரங்கணியில் நின்று, மேலே டாப் ஸ்டேஷன் பக்கம் நோக்குங்கள். அருகிலுள்ள செடிகள் கரும்பச்சை. அடுத்த சரிவு நீலம் கலந்த பச்சை. அதற்கப்பால் உள்ள முகடு வெறும் புகை நிறம். அங்கேயும் மரங்கள் பச்சைதான். இடையிலுள்ள காற்றும் பனியுமே அவற்றை வெளுத்து, தூரத்தைச் சொல்கின்றன. அண்மைக்கு அழுத்தம், சேய்மைக்கு மென்மை என்னும் இப்பாடத்தைக் கற்றவர் ஒரு சிறு கட்டத்துக்குள் பத்து மைல் தூரத்தை அடக்கிவிடுவார்.

பிரையன் போலண்ட் சித்திரம் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' என்னும் பேட்மேன் கதை 1988-ஆம் ஆண்டில் ஜான் ஹிக்கின்ஸின் ஆழ்ந்த வர்ணங்களுடன் வெளிவந்தது. 2008-ஆம் ஆண்டில் போலண்டே அதற்குப் புதிதாக வர்ணம் தீட்டினார். பழைய நினைவுக் காட்சிகளை ஏறக்குறைய நிறமின்றி விட்டு, சிற்சில பொருள்களுக்கு மட்டும் நிறம் தந்தார். கதையும் கோடும் அவையே; படிக்கும் மனநிலையோ வேறு! எது சிறந்தது என்று ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வர்ணக்காரரும் கதை சொல்லிகளுள் ஒருவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

ஆயினும் நம்மவர் பலர் கதாசிரியரையும் சித்திரக்காரரையும் அறிவார்களேயன்றி வர்ணக்காரரைக் கேட்டதில்லை. அமெரிக்காவின் ஐஸ்னர் பரிசுகளில் வர்ணத்துக்கென்றே ஒரு பரிசு 1992-ஆம் ஆண்டு முதல் உண்டு. முதலில் பெற்றவர் மேற்சொன்ன ஆலிஃப். அடுத்த முறை பிள்ளைகளுக்குச் சித்திரக் கதை வாங்கும்போது, வர்ணம் தீட்டியவர் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் பதிப்பாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர் பெறாத தொழிலுக்கு நம் பிள்ளைகளை நாம் எந்த முகத்துடன் அனுப்புவது?