கெட்ட பெயர்

கணினியில் ஒரு பயனர் கணக்கைத் தொடங்க ஒரு வரி போதும். லினக்ஸின் கறுப்புத் திரையில் ‘ஆட்யூசர்’ என்ற கட்டளையை எழுதி, பக்கத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால், அப்பெயருக்கு ஓர் எண்ணும், கோப்புகளை வைத்துக்கொள்ள ஓர் அடைவும் கிடைத்துவிடும். அந்தப் பெயர் ‘செங்கோடன்’ என்று தமிழெழுத்தில் இருந்தால் மட்டும் கட்டளை மறுத்துவிடுகிறது. மறுப்பை மீறி ஏற்கச் செய்யும் தெரிவும் உண்டு. அதன் பெயரிலேயே ‘பேட்நேம்’ என்ற சொல் இருக்கிறது. அதாவது, கெட்ட பெயர். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தலைமுறைகளாக வழங்கிவரும் பெயர் இது.

இதைக் கணினித்துறையினரின் விவகாரம் என்று இலக்கிய வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது என்பது என் எண்ணம். ஒரு மொழியில் மனிதர்க்குப் பெயரிட இயலுமா என்ற கேள்வி மொழியைப் பற்றிய கேள்விதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். லினக்ஸின் கருவுக்குப் பெயர்களே தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. எல்லா அதிகாரமும் கொண்ட ‘ரூட்’ பயனர் அதற்கு வெறும் 0. இந்த எண் இன்னாருடையது என்ற செய்தி ஓர் எளிய உரைக்கோப்பில் இருக்கிறது. பயனர் ஒருவருக்கு ஒரு வரி; ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள். பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், பயனர் எண், குழு எண், குறிப்பு, அடைவு, நுழைந்ததும் இயங்க வேண்டிய நிரல் என்பன அவை. கடவுச்சொல் இன்று அங்கே இருப்பதில்லை. ‘நிழல்’ என்று பொருள்படும் வேறொரு கோப்பில், உருமாற்றப்பட்ட வடிவில் மறைந்திருக்கிறது. ஆக, பெயர் என்பது இயந்திரத்தின் தேவைக்காக வைத்ததன்று. மனிதர் அடையாளம் காண்பதற்காக வைத்தது. எந்த மனிதர் என்பதுதான் நம் கேள்வி.

டெபியன் வகை லினக்ஸில் பெயருக்கான விதி இது: ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்க வேண்டும், பின்னர் சிற்றெழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவை வரலாம். தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. எவ்வெழுத்து மொழிக்கு முதலில் வரும், எது வராது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. வடசொல் தமிழுக்குள் வரும்போது தன் எழுத்தைக் களைந்துவிட்டு வரவேண்டும் என்றும் அது சொல்கிறது. ராமனை இராமன் என்றும், லட்சுமணனை இலக்குவன் என்றும் ஆக்கியவர்கள் நாம். ஆகவே விதி இருப்பதே அவமதிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொல்காப்பிய விதி தமிழுக்குள் வரும் சொல்லுக்கானது. இங்கோ சேலத்தில், தமிழர் அமர்ந்திருக்கும் ஓர் ஆய்வகத்தில், விருந்தாளியாக வந்த இயந்திரம் வீட்டுக்காரரின் பெயரை மாற்றச் சொல்கிறது.

விதிக்கான நியாயங்களையும் மறைக்கக் கூடாது. ‘கோ’ என்ற எழுத்தில் வரும் உயிர்க்குறி ஒருங்குறியில் ஒரே குறியாகவும் பதியலாம். கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவர்கள் இரு வேறு செங்கோடன்கள். ஔவையை ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவை’ என எழுதுவோர் இன்றும் ஏராளம். அதியமான் கொடுத்த நெல்லிக்கனியைக் கணினி எந்த ஔவையிடம் சேர்க்கும்? தமிழ் எண் ஒன்றுக்கும் ககரத்துக்கும் வடிவில் வேறுபாடு இல்லை. ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழைய இவையெல்லாம் வழி திறக்கும்.

இடப் பற்றாக்குறையும் உண்டு. லினக்ஸில் பயனர் பெயருக்கு வழக்கமாக உள்ள எல்லை 32 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘செங்கோடன்’ ஐந்தெழுத்து, 27 பைட்டு, தப்பித்துவிடுகிறான். ‘செங்கோட்டுவேலு’ ஏழெழுத்துதான். 42 பைட்டாகி வெளியே நிற்கிறார்.

இவை உண்மையான சிக்கல்கள். ஆனால் தீர்க்க முடியாதவை அல்ல. இணைய முகவரிகளில் இதே சிக்கல்கள் எழுந்தன. இன்று ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் முகவரிகள் உள்ளன. உள்ளே ஆங்கில எழுத்துகளாக மாற்றிச் சேமித்து, வெளியே தமிழாகக் காட்டும் வழியைக் கண்டார்கள். விண்டோசின் ‘நெட் யூசர்’ கட்டளை 20 குறிகளுக்குள் தமிழ்ப் பெயரை ஏற்கவே செய்கிறது. அங்கும் தமிழ்ப் பெயர் கொண்ட அடைவைக் கண்டு சில மென்பொருள்கள் தடுமாறுகின்றன என்பது வேறு கதை.

நம் நிறுவனங்களில் நடப்பது இதைவிட வருத்தமானது. ஆய்வகத்தில் அறுபது மாணவர்க்கு ‘ஸ்டூடெண்ட்’ என்ற ஒரே கணக்கு. கடவுச்சொல் சுவரில் ஒட்டியிருக்கும். நான் அறிந்த கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவி ஒருவர் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்துத் தட்டச்சு செய்த கோப்பு ஒருநாள் காணாமற்போயிற்று. அழித்தவர் யார் என்று கேட்டால் கணினி சொல்லும் விடை ‘ஸ்டூடெண்ட்’. அவருடைய அடைவு அவருக்கென்று இருந்திருந்தால், அடுத்தவர் அதைத் தொட்டிருக்க முடியாது. நாமக்கல்லின் லாரி அலுவலகங்களிலும் ஒரே ‘அட்மின்’ கணக்கில் எல்லாரும் நுழைவதைப் பார்க்கலாம். பெயர் இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை.

2011இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கியது அது. அதில் பட்டிகளும் செய்திகளும் தமிழில் வரும். பயனர் பெயர் வராது. 2021 டிசம்பரில் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. வருகைப் பதிவேட்டில் அந்த ஆணை செல்லும். ஆய்வகக் கணினியில் செல்லாது. இந்திய மொழிகளுக்கென உருவாக்கும் இயங்குதளத்திலாவது, இரட்டை வடிவங்களை ஒன்றாக்கி, எல்லையை விரித்து, தமிழ்ப் பயனர் பெயரை முறைப்படி ஏற்கச் செய்யவேண்டும். அரசு கேட்டால் நடக்கும்.

அதுவரை கைவசம் ஒரு வழி இருக்கிறது. அந்த வரியின் ஐந்தாம் புலமான குறிப்புக்கு ‘ஜிகாஸ்’ என்று பெயர். பெல் ஆய்வகத்தில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஒரு பழைய இயங்குதளத்துக்கு அச்சுப் பணிகளை அனுப்பும் பொருட்டு ஏற்பட்ட புலம். அந்த வேலை எப்போதோ முடிந்துபோய், இன்று முழுப்பெயர் எழுதும் இடமாக மிஞ்சியிருக்கிறது. ‘யூசர்மாட்’ கட்டளையால் அங்கே தமிழில் எழுதலாம். பல லினக்ஸ் வகைகளின் நுழைவுத் திரையில் அந்தப் பெயரே தோன்றும். அறுபது கணக்குகளைத் தொடங்கி அறுபது பெயர்களையும் தமிழில் எழுத ஆய்வகப் பொறுப்பாளருக்கு ஒரு பிற்பகல் ஆகும். மாணவர்க்கு ஆளுக்கொரு கணக்கும் அதில் தம் பெயரும் இருக்கட்டும். கல்லூரிகள் இதை இந்தப் பருவத்திலேயே செய்யலாம்.